புரணி பேச ஒரு தாய்மொழி

ஜெப்ஸி வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் சோற்றுக்குத் தமிழ், பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ், புரணிக்குத் தெலுங்கு. யார் வகுத்த சட்டமோ தெரியாது, அதை மீறிய ஆள் அந்த வீட்டில் கிடையாது. சாப்பிடக் கூப்பிடுவது தமிழில். பேத்தியைக் கொஞ்சுவது தமிழில். மருமகள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாளோ இல்லையோ, மாமனாரும் மாமியாரும் சொல்லி வைத்த மாதிரி தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள்.

மாமனார் எத்திராஜுக்குத் தூத்துக்குடி டவுனில் பெயிண்ட் கடை. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால் கடைக்குக் குறைவில்லை. வீடு மாப்பிள்ளையூரணியில். முன்னோர்கள் எந்தக் காலத்திலோ வடக்கேயிருந்து வந்து ஓட்டப்பிடாரம் கரிசலில் காலூன்றியவர்கள். இத்தனை தலைமுறையாக வீட்டுக்குள் தெலுங்கை விடாமல் வைத்திருக்கிறோம் என்று கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எத்திராஜ் மார்தட்டுவார். தட்டுவது தமிழில்தான். கடையிலும் அந்தத் தெலுங்குக்கு ஒரு வேலை உண்டு. மீன்பிடி போட்டுக்குப் பெயிண்ட் வாங்க வருகிறவர், "என்ன அண்ணாச்சி, கொஞ்சம் கொறைக்க மாட்டியளா?" என்று இழுத்தால், எத்திராஜ் கல்லாவில் இருக்கும் மனைவி ஜக்கம்மாளைப் பார்த்துத் தெலுங்கில் ஒரு வார்த்தை கேட்பார். அந்த அம்மாளும் தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்வாள். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் விலை இறங்காது.

ஜெப்ஸி நாசரேத்துக்காரி, கிருபாநிதி வாத்தியார் மகள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் சரக்குக்குப் பேப்பர் போட்டுக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. எத்திராஜ் மகன் முத்துக்குமரனும் அதே ஆபீஸ். பக்கத்துப் பக்கத்து மேஜை, பிறகு காதல். இரண்டு வீட்டிலும் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டுக் கல்யாணத்தை முடித்து வைத்தார்கள்.

வந்த புதிதில் அவள் வெள்ளந்தியாகக் கேட்டாள். "அத்தை, எனக்கும் உங்க பாஷையைச் சொல்லித் தாங்களேன்."

"அது எதுக்குளா ஒனக்கு? நாங்களே மறந்துக்கிட்டு வாரோம்" என்றாள் ஜக்கம்மாள். சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பி, மூச்சு விடாமல் தெலுங்கில் பொரிந்து தள்ளினாள். மறந்துகொண்டிருக்கிற பாஷை அவ்வளவு வேகமாக வருமா என்று ஜெப்ஸிக்கு ஆச்சரியமாக இருந்தது.

ராத்திரி முத்துக்குமரனிடம் கேட்டாள். அவனுக்கு அந்தப் பாஷை காதில் விழுந்தால் பாதி புரியும், வாயில் வராது. ரேங்க் குறைந்துவிடும் என்று அவனைத் தமிழும் இங்கிலீஷுமாகவே வளர்த்திருந்தார்கள். "ஒண்ணுமில்ல, கரண்டு பில்லப் பத்திப் பேசுதாங்க" என்றான். கரண்டு பில்லைப் பற்றி எதற்குத் தன் கழுத்தையே பார்த்துப் பேச வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் தன் முகத்தைப் பார்த்து அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டார்களா என்று மட்டும் ஏங்கிப் போனாள். பேசிவிட்டால் வீட்டு ஆளாகிவிடலாம். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

யாரும் சொல்லித் தராததால் தானே கற்றுக்கொண்டாள். முதலில் பிடிபட்டது 'கோடலு'. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் மாமியார் கண் தன் பக்கம் ஒரு தடவை வந்து போவதைப் பார்த்தாள். மருமகள் என்று அர்த்தம் தெரிந்துவிட்டது, அப்புறம் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. நகையைப் பற்றிப் பேசினால் கழுத்தைப் பார்ப்பார்கள். நிறத்தைப் பற்றிப் பேசினால் கையைப் பார்ப்பார்கள். மீன்குழம்பு வைத்த அன்றைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே பேசுவார்கள். பாடத்தையும் நடத்தி, படத்தையும் காட்டி, சலிக்காமல் தினமும் திருப்பிச் சொல்லித் தருகிற வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைப்பார்? மகள் பிறந்து நடக்கத் தொடங்குவதற்குள் ஜெப்ஸிக்கு எல்லாம் அத்துப்படி. தெரிந்ததாக மட்டும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் அந்த வயதில் அவர்கள் புரணி பேச வேறு பாஷைக்கு எங்கே போவார்கள், பாவம்! ஆனால் வலித்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாட்களும் உண்டு.

இதற்கிடையில் எத்திராஜுக்கு மொழிப்பற்று முற்றிவிட்டது. வீட்டுத் தெலுங்கு காப்புச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், அவர் துணைத்தலைவர். சங்கத்து நோட்டீஸ் தமிழில் அச்சாகும், ஏனென்றால் தெலுங்கு எழுத்து ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. வாட்ஸப் குரூப்பில் இங்கிலீஷ். கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து, நம் பாஷை அழிகிறதே என்று தமிழில் கண்ணீர் விடுவார்கள், பிறகு வடையும் காப்பியும் வரும். எத்திராஜின் மூத்த மகள் ஜெயபிரியாவை, பாஷை பிழைக்க வேண்டுமென்றே தேடிப்பிடித்து ஹைதராபாத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே அவள் பேசிய தெலுங்கைக் கேட்டு மாமியார் வீடே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றோடு அவள் இங்கிலீஷுக்கு மாறியவள்தான். இந்தக் கதையை மட்டும் எத்திராஜ் மேடையில் சொல்வதில்லை.

"பேத்திக்கு நீங்களே சொல்லிக் குடுக்கலாம்ல மாமா?" என்று ஒருநாள் ஜெப்ஸி கேட்டாள்.

எத்திராஜ் மனைவியைப் பார்த்தார். ஜக்கம்மாள் தெலுங்கில் பதில் சொன்னாள். "சொல்லிக் குடுத்தா ஆத்தாகாரிகிட்டப் போயி அம்புட்டையும் ஒப்பிச்சிரும். அப்புறம் நாம ரெண்டு பேரும் எதுல பேசுறது?"

ஜெப்ஸி முகத்தை அசைக்காமல் சோற்றை வடித்தாள்.

அந்த வருஷம் சங்கத்து ஆண்டு விழாவில் 'மொழி காத்த குடும்பம்' என்று ஒரு கேடயம் அறிவித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு இளவட்டம் மேடையேறி, காகிதத்தைப் பார்க்காமல் வீட்டுத் தெலுங்கில் பேச வேண்டும். கேடயம் நமக்குத்தான் என்று எத்திராஜ் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஷோகேஸில் இருந்த பீங்கான் யானையை எடுத்துவிட்டு இடம்கூட ஒதுக்கியாயிற்று. தானே ஒரு பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதி மகனை உருப்போட வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபத்து மேடையில் முத்துக்குமரன் முதல் வரியைச் சொன்னான். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தான். அப்புறம் மைக்கிலேயே, "அப்பா, அடுத்து என்னது?" என்று கேட்டான். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"துணைத்தலைவர் வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று மைக் பிடித்திருந்தவர் கிண்டலாகக் கேட்டார். எத்திராஜ் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். "மானம் போச்சு" என்றாள் ஜக்கம்மாள், தெலுங்கில்தான்.

தொங்கிய அந்தத் தலையைப் பார்க்க ஜெப்ஸிக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் கொட்டக்கொட்ட விழித்துக் காத்திருந்த மனுஷன். மகளை மாமியார் மடியில் உட்கார்த்திவிட்டு எழுந்தாள். சத்தியமாக அவரைக் காப்பாற்றத்தான் போனாள்.

மைக் முன்னால் நின்ற பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. எங்கள் வீட்டார் தங்கமானவர்கள், இந்தப் பாஷை இனிமையானது என்று நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் வாயெடுத்தாள். ஒன்றுகூட வரவில்லை. அவளிடம் அந்தச் சரக்கே இல்லை. இருந்ததைத்தானே எடுத்துப் போட முடியும்? போட்டாள்.

"இவ வந்த நாள்லருந்து வீடு பூரா மீன் நாத்தம். கழுத்துல கெடக்குறது செயினா, நூலா? வாத்தியார் மகளாம், வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு. கருவாடு கணக்கா இருந்துக்கிட்டு எம்மவனை எப்பிடித்தான் மயக்குனாளோ! ஞாயித்துக்கெழமை ஆனாப் போதும், பவுடரை அப்பிக்கிட்டுக் கோயிலுக்குக் கெளம்பிருதா. அவ அப்பன் ஒரு தடவையாவது கைநெறையக் கொண்டாந்தானா? பழனி மலைக்குப் போற மாதிரி ரெண்டு வாழப்பழத்தைத் தூக்கிட்டு வாரான்..."

எல்லாம் தெலுங்கு, அச்சு அசல் ஜக்கம்மாள் தெலுங்கு. அதே இழுப்பு, அதே 'ம்க்கும்', முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வதுகூட அதே மாதிரி. முதலில் சிரித்தவர்கள் மாமியார்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முன்வரிசையில் ஒரு புது மருமகள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இன்னொருத்தி பார்த்தாள். மாமியார்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. பின்வரிசையில் மருமகள்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

சங்கத் தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பொருள் எவ்வளவு விழுந்ததோ தெரியாது, ராகம் முழுசாக விழுந்திருந்தது. "எங்கம்மா இப்பிடித்தான் பேசுவா! கலப்பே இல்லாத பேச்சு!" என்று குரல் தழுதழுக்க அறிவித்துக் கேடயத்தை எத்திராஜ் கையில் கொடுத்தார். எத்திராஜ் அதைக் கொதிக்கிற பாத்திரம் மாதிரி வாங்கினார். குடும்பத்தோடு போட்டோ எடுத்தார்கள். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னதால் ஜக்கம்மாள் பல்லைக் காட்டினாள்.

காரில் திரும்பும்போது எத்திராஜ் மனைவியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பின்சீட்டில் மருமகள் இருந்தாள். மூடிக்கொண்டார். உப்பளத்தைத் தாண்டும்போது மறுபடியும் திறந்தார், மறுபடியும் மூடிக்கொண்டார். கேடயம் ஜக்கம்மாள் மடியில் வீடு வரைக்கும் ஆடிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முத்துக்குமரன் காரை நிறுத்துகிற சாக்கில் வெளியிலேயே நின்றுவிட்டான். ஜக்கம்மாள் புடவைகூட மாற்றாமல் அடுப்படிக்குள் போனாள். தோசைக்கல் சத்தம் கேட்டது. இன்றைக்கு இருக்கிறது என்று ஜெப்ஸி கூடத்திலேயே நின்றாள். சட்டினி ஊற்றிய தட்டோடு வெளியே வந்த மாமியார், அவளுக்கு நேரே நின்று, முகத்தைப் பார்த்து, தெலுங்கில் ஒரு சின்ன வார்த்தை சொன்னாள்.

ஜெப்ஸிக்குப் புரியவில்லை. எந்த மூலையில் தேடியும் அந்த வார்த்தை அவளிடம் இல்லை.

"என்ன சொன்னீங்க அத்தை?"

ஜக்கம்மாள் தட்டைப் பார்த்தாள். எத்திராஜ்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார். "களைச்சுப் போயிருப்பியாம். உக்காந்து சாப்பிடச் சொல்லுதா."

"அப்படியா?" என்றாள் ஜெப்ஸி. தட்டை வாங்கிக்கொண்டாள். "எட்டு வருஷமா இந்த வீட்டுல எல்லாத்தையும் கேட்டுட்டேன் மாமா. இதை மட்டும் கேட்டதே இல்ல."

அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஜக்கம்மாள் இன்னொரு தோசை ஊற்ற அடுப்படிக்குப் போனாள்.