சட்டையில் குத்திய சீட்டு

கன்டோன்மென்ட் வாசகசாலையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒல்லியான தையல்காரர் ஒருவர் வருவார். அடுத்துப் படிக்கவேண்டிய மூன்று புத்தகங்களின் பெயரைச் சீட்டில் எழுதி, சட்டையில் ஊசியால் குத்தியிருப்பார். முதலாவதை முடித்து, பெயரை அடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டார்.

பிளேக் பரவிய வருஷம் ஒருநாள், சீட்டில் கடைசியாக இருந்த மெல்லிய புத்தகத்தைக் கேட்டார்.

"வரிசை மாறுதேங்க," என்றேன்.

"அக்குள்ல கட்டி வந்திருக்குங்க. பெருசை முடிக்க நாள் இருக்காது."

நான் சுவரோரம் ஒதுங்கினேன். அலமாரியிலிருந்து அவரே எடுத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் யாரோ அந்தப் புத்தகத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே சீட்டின் நுனி தெரிந்தது. பிரித்துப் பார்க்கப் பயந்து, வாசலிலேயே தீ மூட்டி, குச்சியால் புத்தகத்தை அதில் தள்ளினேன். சீட்டில் அந்தப் புத்தகத்தின் பெயரை அவர் அடித்திருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.