கெண்டைக்காலும் எட்டாவது நாற்காலியும்

கண் பரிசோதனைக்காகச் சிதம்பரத்திலிருந்து கடலூர் போயிருந்தேன். பேருந்தின் கடைசிப் படி நான் நினைத்ததைவிட உயரம். காலை ஊன்றியதும், கெண்டைச்சதையில் யாரோ கல்லெறிந்ததுபோல் இருந்தது. பின்னால் வந்தவர்தான் உதைத்துவிட்டார் என்று திரும்பித் திட்டினேன். அவர் இன்னும் மேல்படியில்தான் நின்றிருந்தார்.

வீடு திரும்பியதும் மனைவி தைலம் தடவி அழுத்தி உருவி, வறுத்த உப்பால் ஒத்தடமும் கொடுத்தாள். காலையில் கணுக்கால்வரை நீலம் பாரித்திருந்தது. சதையில் சிறு கிழிசல்தான், ஆனால் உள்ளே ரத்தம் கசியும்போது சூடும் உருவுதலும் கூடாது என்றார் மருத்துவர். ஐஸ் வைக்கச் சொன்னார்.

பிசியோதெரபி பார்க்கும் பெண் விவரமாகச் சொன்னார். அறுந்த நார்களை உடம்பே முதலில் அப்புறப்படுத்துமாம். பிறகு அங்கே சும்மா கிடக்கும் செல்கள் விழித்துப் புது நாரை உண்டாக்கும். வயதானவர்களுக்கு அவை விழிக்கவே நேரமாகும். வலி குறைந்ததும் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கிப் பழக வேண்டும் என்றார்.

எனக்கு ஒரே கவலை, மறுபடி நெற்றி தரையில் படக் குனிந்து ஸஜ்தா செய்ய முடியுமா என்பது. எங்கள் பள்ளிவாசலில் சுவரோரம் ஏழு நாற்காலிகள். அதில் உட்கார்ந்து தொழப் போனவர் ஒருவர்கூடத் தரைக்குத் திரும்பியதில்லை. இரண்டு பேர் மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டியில்தான் போனார்கள். எட்டாவதை நான் இழுத்துப் போட்டேன்.

ஏழாவதில் இருந்த என் மனைவியின் அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். "வாங்க மச்சான். தரை காலியாத்தான் கெடக்கு, இங்கதான் கூட்டம் ஜாஸ்தி."

நான் எட்டாவதில் உட்கார்ந்தேன்.

வலி போய்விட்டது. ஆனால் குதிகாலைத் தூக்கப் பயம். மறுபடி கிழிந்துவிட்டால்? தினமும் டேப்பால் கெண்டைக்காலை அளந்ததோடு சரி. அளவு குறைந்துகொண்டே வந்தது. வீக்கம் வடிகிறது என்று தேற்றிக்கொண்டேன்.

ஒருநாள் லுஹர் என்ற மதியத் தொழுகையில் துணிந்து வரிசையில் நின்றேன். முதல் இரண்டு ஸஜ்தாவும் நன்றாகவே போயின. எழும்போது கெண்டைக்காலில் வலியே இல்லை, தொடைதான் தூக்கவில்லை. வரிசை முழுக்க எழுந்துவிட்டது. இரு பக்கமும் கால்கள்தான் தெரிந்தன. மீதியை உட்கார்ந்தபடியே தொழுது முடித்தேன். ஸலாம் கொடுத்ததும் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். காலை அமுக்கிப் பார்த்தார்.

"கிழிஞ்சது எப்பவோ ஒட்டிக்கிச்சுங்க ஐயா. நீங்க சும்மா வச்சிருந்தீங்க பாருங்க, அதுல மத்த சதையெல்லாம் எளச்சுப்போச்சு."

எத்தனை நாளில் தேறும் என்று கேட்டேன். நாற்பதா, அறுபதா?

"சொன்ன பயிற்சியச் செஞ்சுட்டு வாங்க, பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.