ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்

"ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள். ரெண்டாவது ஆள் எந்திரிங்க."

ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து தேர்வு முடிவு தேடிக்கொண்டிருந்த கல்லூரித் தோழிகளில் ஒருத்தி சட்டென்று எழுந்தாள். "நின்னுக்கிட்டே பாக்கலாமா அக்கா?"

"தாராளமா. ஆனா பாஸானாலும் கத்தக் கூடாது, ஃபெயிலானாலும் கத்தக் கூடாது. கத்தறதெல்லாம் வெளிய." சொல்லிவிட்டு, கையிலிருந்த துணியோடு அடுத்த மேசையின் மவுஸைத் துடைக்கப் போய்விட்டார் ரூல்ஸ் அக்கா.

நூலகத்தின் கணினி அறைக்கு அவர்தான் பொறுப்பு. சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அது யாருக்கு ஞாபகம்? சுவரில் விதிகளை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் அக்கா ஒருவர்தான். மற்றவர்களுக்கு அக்காவே பலகை. புதிதாக யார் வந்தாலும், உட்கார்வதற்குள் ஒப்பித்துவிடுவார்: "ஆள் காத்திருந்தா ஒரு மணி நேரம். காத்திருக்கலேன்னா உங்க இஷ்டம். டீ, காபி வாசலோட சரி. பிரிண்ட் வேணும்னா முதல்ல என்கிட்ட சொல்லணும். எப்படிப் பண்றதுன்னு கேளுங்க, வாயால சொல்றேன். ஆனா உங்க மவுஸைத் தொட மாட்டேன். உங்களுக்காக ஒரு எழுத்துக்கூட அடிக்க மாட்டேன்."

யாருடைய திரையையும் அவர் பார்ப்பதில்லை. இது பலகையிலும் இருக்கிறது. ஆனால் அக்கா அதைக் கடைப்பிடிக்கிற அழகே தனி. நாற்காலிகளுக்குப் பின்னால் நடக்கும்போது முகத்தைக் கூரைக்குத் தூக்கிக்கொள்வார். மழைக்காலத்தில் எங்கெங்கே ஒழுகும் என்பது கட்டடத்தை மராமத்துப் பார்ப்பவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இப்படி நடந்து இரண்டு முறை குப்பைக் கூடையில் கால் விட்டிருக்கிறார். "ஒருத்தர் வியாதியைத் தேடுவாங்க, ஒருத்தர் வேலையைத் தேடுவாங்க, ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளையைத் தேடுவாங்க. நமக்கெதுக்கு?" என்பார்.

நோட்டில் எழுதிக்கொள்ளும் பெயர் மனதில் நிற்பதில்லை, திரையும் பார்ப்பதில்லை என்றால் ஆட்களை எப்படி அடையாளம் வைப்பது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. இருமல்காரர். செஸ் சார். பச்சைக்குடை. செஸ் சார், ஓய்வுபெற்ற கணக்கர். எங்கோ இருக்கிற முகம் தெரியாத யாருடனோ சதுரங்கம் ஆடுவதற்காக நாள் தவறாமல் வருகிறவர். தன் முறை வந்து ஒரு நிமிஷம் தாமதமானால் போதும், அறையையே இரண்டாக்கிவிடுவார்.

ஒருவர் எழுந்து போனதும் அக்கா அந்தக் கணினியை அணைத்துப் போடுவார். அப்படிப் போட்டால் அதில் அதுவரை நடந்ததெல்லாம் அழிந்துபோகும்படி அமைத்திருக்கிறார்கள். இதற்கு அக்கா வைத்திருக்கும் பெயர் குளிப்பாட்டுவது. "குளிப்பாட்டி விட்டாச்சு. இனிமே அதுக்கு யாரையும் தெரியாது," என்று சொல்லி, குழந்தையின் தலையைத் தொடுவது போல அந்தப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவார்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போன் கூடாது. கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பாவம், மறுவார்த்தை பேச மாட்டார். மகள்தான் விடமாட்டாள். "அப்பா, சீக்கிரம் சாப்பிடுங்க. ஒரு மணி நேரம் ஆச்சுன்னு அம்மா எழுப்பி விட்டுட்டு உங்களையும் குளிப்பாட்டிடுவாங்க."

பச்சைக்குடை கொஞ்ச நாளாகத்தான் வருகிறாள். வெயிலோ மழையோ, கையில் பச்சைக் குடை. முதல் நாள் விசைப்பலகையைச் சூடான பாத்திரத்தைத் தொடுவது போலத் தொட்டுத் தொட்டு விரலை எடுத்தாள். வந்த காரணத்தை அவளே சொன்னாள். வேறோர் ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு உதவியாளர் பயிற்சி. தங்க இடமும் தருகிறார்கள். விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். அதுவும் ஒரே மூச்சில். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

"வீட்டுல போன் இல்லையாம்மா?" அக்கா வழக்கமாகக் கேட்கக்கூடிய கேள்வி இல்லை இது. வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"இருக்குக்கா. அவர் தினமும் வாங்கிப் பாப்பார், யார்கிட்ட பேசினேன், என்ன பாத்தேன்னு. இது தெரிஞ்சா என்னை உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போயிடுவார். போன வருஷம் ஒரு வேலை கேட்டப்ப அப்படித்தான் செஞ்சார்." கொஞ்சம் தயங்கி, "நீங்க அடிச்சுக் குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும்க்கா," என்றாள்.

"ரூல் இல்லம்மா. நீயே அடி. நாளைக்கு இதைவிட வேகமா அடிப்பே."

"கல்லு மனசு," என்று இருமல்காரர் காதில் விழும்படியே முணுமுணுத்தார். அக்கா கூரையைப் பார்த்தார். பச்சைக்குடைக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். நேரம் முடிந்து எழுந்து போகும்போதெல்லாம் பாதிதான் முடிந்திருக்கும். ஒற்றை விரல் மெல்ல நான்கு விரலானது.

கடைசித் தேதிக்கு முந்தின நாள், விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் ஜன்னல் வழியாகத் தெருவில் கணவனைப் பார்த்தாள். எதிர்க்கடையில் எதையோ விசாரித்துவிட்டு நூலகத்துப் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தான். குடையை அள்ளிக்கொண்டு, பத்திரிகை அறை வழியாகப் பின்கதவால் வெளியேறிவிட்டாள். போன அவசரத்தில் பக்கத்தை மூடவில்லை. அவள் பெயர், படிப்பு, ஆஸ்பத்திரியின் பெயர், ஊர் எல்லாம் திரையில் பளிச்சென்று நின்றன.

வந்தவன் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. சிரித்த முகம். "வணக்கம்க்கா. என் வீட்டுக்காரி இப்ப இங்கதானே இருந்தா? பச்சைக் குடை வச்சிருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, அப்பாவி. யாராவது ஏமாத்திடப் போறாங்கன்னுதான் பயம். என்ன பாத்துக்கிட்டிருந்தான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்." பேசிக்கொண்டே, காலியாக இருந்த ஒரே நாற்காலியைப் பார்த்து நடந்தான்.

"பேர் குடுத்துட்டு உக்காருங்க."

"உக்காரலக்கா. ஒரே நிமிஷம்."

அக்கா இத்தனை வருஷத்தில் ஒருவருடைய நேரத்திலிருந்து ஒரு நிமிஷத்தைக்கூடப் பறித்ததில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம். பச்சைக்குடையின் நேரம் இன்னும் முடியவில்லை. அவன் மேசையைச் சுற்றி வருவதற்குள் அக்கா எட்டி நடந்து, குனிந்து, பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது.

"என்னக்கா, அணைச்சுட்டீங்க?"

"குளிப்பாட்டுற நேரம்."

"சரி, மறுபடி போடுங்க."

"போடுறேன். அதுல ஒண்ணும் இருக்காது. எங்க மெஷினுக்கே ஞாபகம் கிடையாது தம்பி, எனக்கு எங்க இருக்கப் போகுது?"

சிரிப்பு போய்விட்டது. நேரே போய் நூலகரை அழைத்துவந்தான். நூலகர் நல்ல மனிதர்தான்; யாரோடும் வம்பு கூடாது என்பது அவர் கொள்கை, அதனால் எந்த வம்பிலும் பலசாலியின் பக்கம் நின்றுவிடுவார். "ஏம்மா, கட்டின புருஷன் கேக்கறார். சொல்லித் தொலைச்சா என்ன?"

"அடுத்தவங்க திரையைப் பாக்கக் கூடாது, அடுத்தவங்க என்ன பாத்தாங்கன்னு யாருக்கும் சொல்லக் கூடாது. பலகையில இருக்கு சார். கீழ நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நூலகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் கையெழுத்திட்டதை முதல்தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கும் ஒரு பிடி கிடைத்தது. "நேரம் முடியறதுக்கு முன்னாடி மெஷினை அணைக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கே!"

"ஆமா சார். அதை மீறிட்டேன். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன்."

மூலையில் செஸ் சார் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கும் வருவேன்," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அக்காவுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவன் பார்க்கவில்லை, சரி. அந்தப் பெண் அடித்ததெல்லாம் என்ன ஆயிற்று? இரவுச் சாப்பாட்டில் மகள் தட்டுக்குப் பக்கத்திலேயே போனை வைத்துப் பேசினாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்கே பயமாகிப் போனைத் தூர வைத்தாள். "உடம்பு சரியில்லையா?" என்றார் கணவர்.

"ஒருத்தியோட உழைப்பைக் கழுவி ஊத்திட்டேங்க." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முழுவதையும் கேட்டுக்கொண்டு கணவர் சொன்னார்: "விரல் மாட்டப் போகுதுன்னா நான் மட்டும் மெஷினை நிறுத்தாம இருப்பேனா? சாப்பிடு." சாப்பிட்டார்.

மறுநாள் கதவு திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். குடை இல்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பான் என்று வீட்டிலேயே விட்டிருந்தாள். அவன் ஒரு வேலையாக வெளியே போயிருக்கிறான், மதியத்துக்குள் திரும்பிவிடுவான் என்றாள்.

"அக்கா, நேத்து அடிச்சது..."

"போச்சும்மா. எல்லாம் போச்சு. நான்தான் அணைச்சேன்."

அவள் தெருப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "அவர் பாத்தாரா?"

"பாக்கல."

புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அப்ப போகட்டும்க்கா. திரும்ப அடிக்கிறேன்." உட்கார்ந்து, பெயரிலிருந்து தொடங்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, தலை நிமிராமல் அடித்தாள். மற்ற நாற்காலிகளும் நிறைந்தன. அடுத்த முறைக்கு செஸ் சார் பெயர் கொடுத்துவிட்டு வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

நேரம் முடிந்தது. அவசரத்தில் தப்பாக அடித்து அடித்துத் திருத்தியதில் விண்ணப்பம் முடியவில்லை. அக்கா அவள் பின்னால் போய் நின்றார். "எந்திரிம்மா" என்று சொல்லாமல், கையிலிருந்த துணியால் நாற்காலியின் முதுகைத் துடைத்தார். ரூல் ரூல்தானே! பரிதாபமாக செஸ் சார் பக்கம் திரும்பினார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்று சீறினார் செஸ் சார். "எனக்கு இன்னிக்கு ஆடற எண்ணமே இல்ல. ஃபேன் காத்துக்கு வந்து உக்காந்திருக்கேன். மனுஷன் உக்காரக் கூடாதா? நோட்டுல என் பேரை அடிச்சுடுங்க."

"அப்ப யாரும் காத்திருக்கலையா?"

"இல்லைங்கறேன்!"

"ஆள் காத்திருக்கலேன்னா உன் இஷ்டம்மா," என்றார் அக்கா கூரையைப் பார்த்து.

வராந்தாவின் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதே இஸ்திரி மடிப்புச் சட்டை, அதே சிரிப்பு. அக்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டு, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"வணக்கம்க்கா. உள்ள போகணும்."

"பேர் குடுங்க. எல்லா நாற்காலியும் நிறைஞ்சிருக்கு. ஒண்ணு காலியானா கூப்பிடறேன்."

"நான் உக்கார வரல. என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

அந்தக் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். விசைகள் தட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"நீ அடிம்மா," என்றார் அக்கா திரும்பிப் பார்க்காமலே. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டி, எதிர்ப்பக்கத்து நிலைச்சட்டத்தில் பாதத்தை அழுத்தமாக ஊன்றிக்கொண்டார்.