கந்தப்பு அடித்து வைத்த ஒன்றரைப் பக்கம்

உதயகலாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தாறு வருடத்தைச் செத்தவர்களோடு கழித்துவிட்டாள். கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்திலே பஞ்சலிங்கத்தின் அச்சகத்தில் கல்வெட்டு அடிப்பது அவள் வேலை. ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிற சனத்துக்குச் சாப்பாடு போட்டுக் கையில் கொடுத்துவிடுகிற நினைவுப் புத்தகம்தான் கல்வெட்டு. முகப்பில் படம், உள்ளே தேவாரம், நடுவில் செத்தவரின் வரலாறு, கடைசியில் நன்றி. அது இல்லாமல் முப்பத்தொன்றைச் செய்ய இந்தப் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது.

வரலாறு எல்லாருக்கும் ஒன்றுதான். எல்லாரும் இன்முகத்தோடு விருந்தோம்பினார்கள், எல்லாரும் ஊருக்கு உதவினார்கள். அரையடி வேலிக்காகப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் வழக்குப் போட்டுப் பதினைந்து வருடம் கோட்டுக்கு இழுத்தவரும் கல்வெட்டில் பொறுமையின் வடிவம்தான். அதனால் போன மாதத்துக் கல்வெட்டைத் திறந்து, பெயர்களை மாற்றி, புதிய படத்தைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஒருமுறை உதயகலா ஒரு மருமகனின் பெயரை மாற்ற மறந்துபோனாள். சுன்னாகத்தில் பந்தியில் இருந்த சனம் வாசித்துப் பார்த்து, அந்த வீட்டில் இல்லாத மருமகனைத் தேடத் தொடங்கிவிட்டது. அன்று வாங்கிய பேச்சுக்குப் பிறகு எதையும் மூன்று தரம் வாசிக்காமல் அச்சுக்கு விடமாட்டாள். கண்பார்வை மங்கினதும் அதனால்தான்.

அந்த வியாழக்கிழமை காலையில் றஜிதா ஒரு பென்டிரைவோடு வந்தாள். வவுனியாவில் படிப்பிக்கிற ரீச்சர். அவளுடைய அப்பா கந்தப்புவுக்குச் சனிக்கிழமை முப்பத்தொன்று. முகப்பு அட்டை ஏற்கெனவே அடித்துக் கிடந்தது.

"அக்கா, அப்பா தன்னைப்பற்றி ஏதோ அடிச்சு வைச்சிருக்கிறன் எண்டு முந்திச் சொன்னவர். எங்கை திறந்தாலும் இங்கிலிஸ் எழுத்தாய்க் கிடக்கு. அண்ணை கனடாவிலையிருந்து, வழமையாய்ப் போடுறதைப் போடு எண்டுறார். எனக்கு இதுதான் வேணும்." பென்டிரைவை மேசையில் வைத்தாள். "நான் ஆசுப்பத்திரிக்கு வந்துசேர முதலே அவர் கண்ணை மூடிட்டார் அக்கா. கடைசியாய் என்னோடை ஒண்டும் கதைக்கேல்லை."

உதயகலா திறந்து பார்த்தாள். Mg;gh என்று தொடங்கி, அரைப்புள்ளியும் எழுத்துமாகத் திரை நிறையக் கொட்டிக் கிடந்தது. அவளுக்கு இது புதினமில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்தால் இப்படித்தான் வரும். எல்லாவற்றையும் தெரிந்தெடுத்துப் பாமினிக்கு மாற்றிவிட்டாள். தமிழ் வந்தது. ஆனால் வந்த தமிழ் கைகால் முறிந்து வந்தது. வசனம் தொடங்குகிற இடமெல்லாம் பிழை. நடுவில் எந்தப் பாஷையிலும் இல்லாத சொற்கள்.

"இதை வேறை ஆரும் திறந்தவையே?"

"அண்ணைக்கு அனுப்பினனான். அவர் திறந்து பாத்து, பிழை திருத்தட்டோ எண்டு கொம்பியூட்டர் கேக்க ஓம் எண்டு அமத்தி, சேவ் பண்ணித் திருப்பி அனுப்பினவர். அதுதான் இது, பழசை நான் அழிச்சிட்டன்."

"அப்பான்ரை கொம்பியூட்டரிலை கிடக்குமே?"

"அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டம். வீடு துப்பரவாக்கேக்கை."

உதயகலாவுக்கு விளங்கிவிட்டது. கனடாவில் இருந்த கொம்பியூட்டர் இதை இங்கிலிஸ் என்று நினைத்துத் திருத்திவிட்டிருக்கிறது. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, தனக்குப் பிடிக்காத சொற்களையும் மாற்றியிருக்கிறது. பாமினியில் சின்ன எழுத்துக்கு ஒரு தமிழெழுத்து, பெரிய எழுத்துக்கு வேறொன்று.

அச்சு இயந்திரத்தடியில் இருந்து பஞ்சலிங்கம் குரல் கொடுத்தார். "உதயகலா, உதிலை மினக்கெடாதை. போன மாசத்தானைத் திறந்து பேரை மாத்து. சனிக்கிழமை விடியப் புத்தகம் போகோணும்."

அவளுக்கும் அதுதான் ஆசை. தோள்மூட்டு இரண்டு கிழமையாக இழுத்துப் பிடித்திருந்தது. கண் எரிந்தது. வராது தங்கச்சி என்று சொன்னால் போதும், நேரத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் கந்தப்புவை அவளுக்குத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் மனைவி மகாதேவியின் கல்வெட்டுக்காக அந்த மனுஷன் மூன்று நாள் அவளுக்குப் பக்கத்தில் ஸ்ரூல் போட்டு இருந்தார். ஒரே வரியைப் பதினாலு தரம் மாற்றுவித்தார். கடைசி நாள், "பிள்ளை, உந்த எழுத்தை எனக்கும் ஏத்தித் தாறியோ?" என்று கேட்டார். ஆள் தொலைந்தால் போதும் என்று அவள் பாமினியை ஏற்றிக்கொடுத்து, விசைப்பலகைத் தாளையும் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தாள். அந்த வினைதான் இப்போது பென்டிரைவில் ஏறி வந்திருக்கிறது.

"இரு தங்கச்சி," என்றாள்.

தமிழை எடுத்துவிட்டுப் பழையபடி இங்கிலிஸ் எழுத்தாக்கினாள். இருபத்தாறு வருடம் அடித்த விரல்கள். எந்த விசையை அமத்தினால் என்ன வரும் என்று கண்ணைவிட விரலுக்குத்தான் நல்லாகத் தெரியும். மேசை விளிம்பில் விரலை ஓடவிட்டுப் பார்த்தாள். கந்தப்பு என்ன அடித்திருப்பார் என்பது மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒவ்வொரு வசனமாகத் திருத்தினாள். சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே கிடந்தது. றஜிதா அசையாமல் பக்கத்தில் இருந்தாள், அதே ஸ்ரூலில். மூன்றரை மணிக்குப் பாமினியை மறுபடி போட்டாள். இந்தமுறை தமிழ் முழுசாக நின்றது.

"வாசிக்கட்டோ?"

"வாசியுங்கோ அக்கா."

"அப்பா எழுதுவது. எனக்குக் கல்வெட்டு வேண்டாம். அம்மாவின் கல்வெட்டில் அவள் கோபப்பட்டதே இல்லை என்று போடுவித்தேன். அது பொய். அவள் ஏசாத நாளில் எனக்குச் சோறு இறங்காது." பிறகு அவள் எதற்கெல்லாம் ஏசினாள் என்று ஒரு பக்கத்துக்கு இருந்ததையும் உதயகலா வாசித்தாள். " அந்தப் பொய் இன்றைக்கும் மனதைக் குடைகிறது. எனக்கும் அப்படி எழுத வேண்டாம். நான் சாகும்போது றஜிதா வந்துசேராவிட்டால் அழ வேண்டாம். வகுப்பை விட்டுவிட்டு ஓடி வராதே என்று நான்தான் சொல்லியிருப்பேன்."

றஜிதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு அழுதபடியே சிரித்தாள். "இது அப்பாதான். அச்சொட்டாய் அப்பாதான்," என்றாள். "முடிஞ்சுதோ அக்கா?"

முடியவில்லை. இன்னும் மூன்று வரி இருந்தது. அதை உதயகலா வாசிக்கவில்லை. திரையை றஜிதாவின் பக்கம் திருப்பிவிட்டாள். றஜிதா வாசித்தாள்.

"அச்சகத்தில் ஒரு பிள்ளை இருக்கிறாள். அம்மாவின் கல்வெட்டுக்கு அவளை மூன்று நாள் வதைத்துவிட்டேன். முகம் சுளிக்கவில்லை, ஆனால் நல்லாகக் களைத்துப்போனாள். எனக்கு ஒன்றும் அடிக்காமல் விட்டால் அவளுக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கும்."

"இது நீங்களோ அக்கா?"

"ஓம்."

பஞ்சலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன முடிவு பிள்ளை? போடுறதோ, விடுறதோ?"

"தேவாரத்தோடை இந்த ஒன்றரைப் பக்கத்தையும் போடுங்கோ," என்றாள் றஜிதா. "வேறை ஒண்டும் வேண்டாம்."

"கடைசி மூண்டு வரியை எடுத்துவிடட்டோ?" என்று உதயகலா கேட்டாள்.

"அது கிடக்கட்டும் அக்கா."

றஜிதா போன பிறகு பக்கத்தை வடிவமைத்து, வழக்கம்போல மூன்று தரம் வாசித்தாள். பிழை இல்லை. நாலாம் தரமும் வாசித்தாள். இருபத்தாறு வருடத்தில் எத்தனை நூறு பேரின் நன்றியை அடித்திருக்கிறாள். ஒரு நன்றியிலும் அவள் இருந்ததில்லை. அவளுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று நினைத்த ஒரே மனுஷன், செத்த பிறகும் ஒரு நாள் முழுக்க அவளிடம் வேலை வாங்கிவிட்டார். உதயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைத் திறந்தாள்.