ஐம்பது வாட் வெளிச்சம்

மாமல்லபுரத்துக் கடலடியில் கிடக்கும் செதுக்கிய கற்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. என்னைக் கடலுக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்ட மீனவரோ சிங்கி இறால் பிடிக்க மூழ்குபவர், அந்தக் கற்களைத் தடவிக்கொண்டே போகிறவர். உப்பேறிய புருவம், எப்போதும் பாதி மூடிய கண்கள். அந்தக் கண்கள்மேல்தான் எனக்குப் பொறாமை. கடலடிக்கு எடுத்துப்போகும் எந்த விளக்கையும் கலங்கல் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் அமிழ்த்திப் பார்த்த பிறகே நம்புவார்.

என் புது விளக்கு ஐம்பது வாட், அவருடையது பத்து. டிரம்மில் என்னுடையது தண்ணீரையெல்லாம் பாலாக்கியது. அவருடையது மெல்லிய கோடாக இறங்கி, அடியில் கிடந்த சிப்பியைத் தொட்டது.

"இன்னா சார், வாட்டு மட்டும் பாத்து வாங்கினு வந்துட்டியா? வெளிச்சம் பரவுனா சேறுதான் பளபளக்கும். என்னுத எடுத்துக்கோ."

"வேண்டாம்" என்றேன் வீம்பாக.

படகில் போய் இருவரும் கடலில் இறங்கினோம். எனக்கு வெண்மூட்டம் மட்டுமே தெரிந்தது. மேலே வந்ததும், "கல்லப் பாத்தியா சார்?" என்றார்.

"பார்த்தேன்."

அவர் சிரிக்கவில்லை. தன் விளக்கை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். "இன்னொரு தபா பாத்துட்டு வா. நா படகுல குந்திகினு கீறேன்."

அன்று கல்லைப் பார்த்தேன். அதைப் பற்றி நிறைய எழுதியும்விட்டேன். யாருடைய வெளிச்சத்தில் பார்த்தேன் என்பதை மட்டும் இதுவரை எங்கும் எழுதியதில்லை.