இரண்டு பஞ்சாங்கம்

வெள்ளவத்தையில் யாருக்கு நல்ல நேரம் தேவைப்பட்டாலும் யோகநாதனின் ஃபிளாட் கதவைத்தான் தட்டுவார்கள். மனிதர் காப்புறுதிக் கம்பனி முகாமையாளர். முறைப்படி சோதிடம் படித்தவரல்ல. ஆனால் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கமும் வைத்திருந்தார். ஒன்று கூடாது என்றால் மற்றதைத் திறந்து எப்படியாவது வழி பண்ணிக் கொடுத்துவிடுவார். மேல்மாடிப் பெண்ணின் சிசேரியனுக்கும் அவரோடு கிரிக்கெட் ஆடும் பிரியந்தனின் பித்தப்பை ஒப்பரேஷனுக்கும் நாள் குறித்தவர் அவரே. யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் வருடா வருடம் கொழும்பில் ஆடும் கிரிக்கெட்டில், தலை நரைத்த பிறகும் விக்கெட் காப்பாளர் அவர்தான். குந்தியிருப்பதில் அவருக்கு நிகரில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். காப்பாளர் கையுறையை வேறு ஆள் தொட விட்டதில்லை. இந்த முறை விலகிப் போன பந்தைப் பிடிக்கத் திரும்பியபோது, கால் நின்ற இடத்திலேயே நிற்க உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் லிகமெண்ட் அறுந்துவிட்டது.

வரும் வியாழன் நல்ல நாள், அன்றைக்கே வெட்டுங்கள் என்று டொக்டர் தாஸிமிடம் போய் வீரமாகச் சொன்னார். டொக்டர் மறுத்துவிட்டார். வீங்கிய காலில் கை வைத்தால் முழங்கால் இறுகிவிடும். வீக்கம் வற்றி, கால் நன்றாக மடங்கி நீண்ட பிறகுதான் ஒப்பரேஷன் என்றார். யோகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. டொக்டரே பொறு என்கிறார் என்று கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னார்.

பயிற்சி செய்தார், வீக்கம் வற்றியது, டொக்டர் நாள் கொடுத்தார். வாக்கியத்தில் அன்று அட்டமி. இன்னொரு நாள் கொடுத்தார், திருக்கணிதத்தில் சந்திராட்டமம். பிறகு ஆடி பிறந்துவிட்டது. இதற்கிடையில் நோவும் போய்விட்டதால், நடக்கிற காலை எதற்கு வெட்டுவான் என்று கேட்கவும் தொடங்கினார். பிடிமானமில்லாத முழங்கால் ஒரு நாள் பிசகினால் உள்ளே எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கிற குருத்தெலும்பும் கிழியும், பிறகு குந்தவே ஏலாது என்று டொக்டர் எச்சரித்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை.

மனைவி சுபோதினி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்:

"மற்றாக்களெண்டா எந்தப் பஞ்சாங்கத்தில நல்லதெண்டு போட்டிருக்கோ, அதைப் பாக்கிறியள். உங்களுக்கெண்டா எதில கூடாதெண்டு இருக்கோ, அதைப் பாக்கிறியள். பயமெண்டா பயமெண்டு சொல்லுங்கோவன்."

பயம்தான். மயக்க ஊசி போட்டால் திரும்பக் கண் விழிப்போமா என்ற பயம். ஆனால் அட்டமி என்று சொல்வது மரியாதையாக இருந்தது.

ஆடிவேல் தேர் ஊர்வலம் பார்க்க நல்ல நேரம் பார்த்தே வீட்டை விட்டு வெளிக்கிட்டார். அன்று இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போயின. காலி நகருக்குப் போகும் பெருவீதிச் சனத்துக்குள் யாரோ கூப்பிடத் திரும்பியவர், நடைபாதை விளிம்பில் கால் பிசகி விழுந்தார். முழங்கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது.

பூட்டிய காலுக்கு இனிப் பொறுக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட, அடுத்த செவ்வாய் ஒப்பரேஷன் நடந்தது. அவர் பஞ்சாங்கம் கேட்கவில்லை. களவாய்ப் பார்த்த சுபோதினி, அட்டமி என்று கண்டு இரண்டையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். லிகமெண்ட் சரியாய்ப் பொருந்தியது. ஆனால் மெத்தை நைந்து போயிருந்ததால் கொஞ்சத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நடக்கலாம், படி ஏறலாம், இனிமேல் குந்த மட்டும் வேண்டாம் என்றார் டொக்டர்.

அடுத்த வருட ஆட்டத்துக்கு யோகநாதன் போனார். கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து கையுறையைப் பிரியந்தனிடம் நீட்டினார். பிரியந்தன் வாங்காமல் பவ்வியமாக நின்றான்.

"அண்ணை, முதல்முதலாப் போடுறன். நல்ல நேரம் எப்ப வருது?"

யோகநாதன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இப்பவே போடடா," என்றார்.