சிவப்பு முள் ஒன்பதைத் தாண்டவில்லை

எங்கள் திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போக வேண்டும். ஆனாலும் கடலில் மூழ்குகிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் ஆழம் காட்டும் மீட்டர் ஒன்று எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பல வருஷம் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தது என் வீட்டுக்காரி. அதைக் கொல்லப் பார்த்ததும் அவள்தான், பிழைக்க வைத்ததும் அவள்தான்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் கிணற்றில் மூழ்கிப் பொருள் எடுக்கிறவன். எங்கள் பக்கத்தில் கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரையும் கீழே இறக்கி, கிணற்றுக்குள் இருக்கும் கல் திட்டின் மேல் வைத்துவிடுவார்கள். ஐப்பசியில் ஒரே ராத்திரி அடித்துப் பெய்தால் போதும், மோட்டார் தண்ணீருக்குள் போய்விடும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு போய் அதைக் கயிற்றில் கட்டிவிட்டு வருவேன். மேலே நிற்கிறவர்கள் இழுத்துக்கொள்வார்கள். மழை இல்லாத மாதங்களில் குடம், வாளி, நகை இப்படி ஏதாவது. ஒரு வீட்டில் மருமகள் தொலைத்த வளையலைத் தேடப் போனவன், வளையலோடு ஒரு வெள்ளிக் கிண்ணத்தையும் எடுத்துவந்தேன். அந்தக் கிண்ணத்தை அவள் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள் என்று மாமியார் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று அந்த மருமகள் எனக்குப் போட்ட சாப்பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. வடை மட்டும் எத்தனை சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

செங்கம் பக்கத்தில் ஒரு ஆழக் கிணற்றில் இறங்கியபோது காதுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மேலே வந்தபோது காதிலிருந்து ரத்தம். பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வேலையை விட்டுவிடு என்றார். வேறு வேலை தெரியாது ஐயா என்றேன். காது நன்றாக ஆறட்டும், ஆறின பிறகும் முப்பது அடிக்குக் கீழே தலையைக் கொண்டுபோகக் கூடாது என்றார். என் பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரி அந்த முப்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"முப்பதுக்கு மேல போனன்னு தெரிஞ்சுது, அத்தோட கெணத்து வேல காலி. எந்தம்பி கூட போயி உக்காந்துக்கோ" என்றாள்.

அவள் தம்பி, அதாவது என் மச்சான், கோயிலுக்குப் பக்கத்தில் செருப்புப் பாதுகாக்கும் கடை வைத்திருந்தான். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஆள் பற்றவில்லை. செருப்பு பார்ப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் நான் தண்ணீருக்குள் இருந்தால்தான் என் உடம்பு என்னுடையதாக இருக்கும். வெளியே எனக்கு நடை கூட மெதுவுதான், பேச்சு அதைவிட மெதுவு. நாள் முழுக்க வெயிலில் டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

முப்பது அடியை எப்படித் தெரிந்துகொள்வது? சேற்றுத் தண்ணீரில் கீழே போகிறவனுக்கு இருபதும் ஒன்றுதான், நாற்பதும் ஒன்றுதான். தினமும் இதுதான் வீட்டில் சண்டை.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு மேல் அறையில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். ரமணாசிரமம் பக்கம் அப்போதே அப்படிப் பலர் உண்டு. மற்றவர்கள் புத்தக மூட்டையோடு வருவார்கள். இவர் ரப்பர் உடுப்பும் மீட்டர்களும் நிறைந்த மூட்டையோடு வந்திருந்தார். அவர் நாட்டில் கடலில் மூழ்கக் கற்றுக்கொடுப்பது அவர் தொழிலாம். காலையில் தியானம், மாலையில் என்னோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை. ஊருக்குத் திரும்புகிற வாரம் கயிற்றுக் கட்டிலில் மூன்று பொருளைப் பரப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஒண்ணு எடு. மூணு இல்ல. ஒண்ணு" என்றார்.

தெருவே வந்துவிட்டது. எதிர் வீட்டில் லாட்ஜ் நடத்துகிற முதலியார் முதல் வரிசை.

முதலாவது, நீளமான ரப்பர் குழாயின் முனையில் தொங்கும் மீட்டர். முதுகில் கட்டுகிற சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுமாம். என்னிடம் சிலிண்டரே கிடையாது.

"மாமாவுக்கு மூச்சு எவ்ளோ மிச்சம்னு எங்கக்காவே சொல்லிடும். அது எதுக்கு?" என்றான் மச்சான்.

இரண்டாவது, கைக்கடிகாரம் மாதிரி, ஆனால் சோப்புக்கட்டி அளவு. கம்ப்யூட்டராம். ஆழம், நேரம், எப்போது மேலே வர வேண்டும், எல்லாம் எண்ணாக வரும். முதலியார் கண் அதைவிட்டு நகரவில்லை. "யோவ், கம்ப்யூட்டரு! இத வுட்டா உனுக்கு வேற எது கெடைக்கும்?" என்றார்.

மூன்றாவது, கனமான பித்தளை மீட்டர். தடித்த கண்ணாடி, வெள்ளை முள் ஒன்று, சிவப்பு முள் ஒன்று. பக்கவாட்டில் கடுகு அளவு ஓட்டை. வெள்ளைக்காரர் பாதித் தமிழும் பாதிக் கையுமாக விளக்கினார். தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய் அழுத்தும். ஆழம் கூடக் கூட வெள்ளை முள் நகரும், போகும்போது சிவப்பையும் தள்ளிக்கொண்டு போகும். மேலே வந்ததும் வெள்ளை திரும்பிவிடும். சிவப்பு அங்கேயே நின்றுவிடும்.

அதுவரை வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரி எழுந்து வந்தாள்.

"அப்போ இவரு எவ்ளோ ஆழம் போனாருன்னு மேல வந்தப்புறம் நான் பாக்கலாமா?"

"பாக்கலாம் அம்மா."

"இவரு அத திருப்பி வெச்சிட்டா?"

"நடுவுல ஸ்க்ரூ. காசு வேணும்."

"காசு எங்கிட்டதான இருக்குது. அந்தப் பொட்டி மாதிரி இருக்குதே, அதுக்கு பேட்டரி போச்சுன்னா?"

"எங்க ஊர்... கம்பெனி அனுப்பணும்."

"நல்லா இருக்குது கத" என்று சொல்லிப் பித்தளை மீட்டரை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். தேர்வு முடிந்தது. கம்ப்யூட்டரை முதலியார் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைக் கட்டிக்கொண்டு தேரடித் தெருவில் கையை வீசி வீசி நடந்தார். மணி கேட்டால் மட்டும் சட்டைப் பையிலிருந்து வேறு கடிகாரத்தை எடுப்பார். ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வெயிலில் விட்டுவிட்டார் ஒரு நாள். திரை கறுத்துப் போய்விட்டது. பேட்டரியும் ரொம்ப நாள் தாங்கவில்லை. ஊரில் இருக்கும் வாட்ச் கடைக்காரர்கள் எல்லோரும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திறக்க வழியே இல்லையே என்றார்கள்.

வெள்ளைக்காரர் போவதற்கு முன் பராமரிப்பைச் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசு. வெயிலில் வைக்காதே. கீழே போடாதே. ஓட்டையில் ஊசி விடாதே, காற்றடிக்காதே, உள்ளே இருக்கும் குழாய் முட்டை ஓடு மாதிரி. அடைத்துக்கொண்டால் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரில் ஊறப்போடு. அவ்வப்போது மீட்டருக்கு ஒன்றாக அளந்து முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி இறக்கிச் சரிபார். இன்னொன்றும் சொன்னார். மீட்டர் கடல் தண்ணீருக்குச் செய்தது, கிணற்றுத் தண்ணீர் அதைவிட லேசு, அதனால் முள் கொஞ்சம் கம்மியாகத்தான் காட்டும். கேட்டவுடன் வீட்டுக்காரி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நகப்பாலிஷ் வாங்கிவந்து, அடிக் கணக்கில் இல்லாமல் மீட்டர் கணக்கில் இருந்த எண்களில் முப்பது அடிக்கு எது சரியோ அந்த ஒன்பதின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். "இதான் உனுக்கு எல்ல" என்றாள்.

நான் அலசுவதாகச் சொன்னாலும் விடமாட்டாள். குழாயடியில் வரிசையில் நின்று பிடித்த குடிதண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலசி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, நிழலில் உலர்த்தி, டப்பாவில் வைப்பாள். சிவப்பு முள்ளை எட்டணாவால் திருப்பும் உரிமை அவளுக்கு மட்டும்தான். அந்த வருஷம் கோடை முழுக்க ஒரு முறைகூடச் சிவப்பு முள் அந்தப் பொட்டைத் தொடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மனை, கடப்பாரை, கயிறு, கப்பி எல்லாவற்றுக்கும் பூஜை. மீட்டரை நடுவில் பலகை போட்டு வைத்தாள். நான்கு பக்கமும் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்து, பூவும் சுற்றினாள். "உம்புருசன விட இத நல்லா கவனிக்கிற" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். மறுநாள் துணியால் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

ஐப்பசி மழை கொட்டியது. அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி ஆள் அனுப்பினார், மோட்டார் முழுகிவிட்டது என்று. மச்சானும் கயிறு இழுக்க வந்தான். கிணற்றைச் சுற்றிப் பத்திருபது பேர். நான் இறங்கினேன். காது இறுகுகிறது, நெஞ்சு இறுகுகிறது, நன்றாக ஆழம் வந்துவிட்டது என்று உடம்பு சொல்கிறது. மீட்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். இருட்டில் மின்னும் முள் இரண்டும் பூஜ்யத்தில் கிடக்கின்றன. மோட்டாரைத் தேடாமலே மேலே வந்துவிட்டேன்.

"இன்னாங்க, வெறுங்கையோட வரீங்க?" என்றார் விவசாயி.

"மீட்டர் ஓடல. மீட்டர் இல்லாம எறங்கமாட்டேன்."

"மீட்டர் இல்லாமதான எங்கப்பன் காலத்துல எறங்கினாங்க" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. மச்சானுக்கு வாயெல்லாம் பல். "மிஷினே உட்டுடுச்சு மாமா. வர்ற பௌர்ணமிக்கு வந்துடுங்க, புது பெஞ்சு போட்டு வெக்கிறேன்."

மீட்டர் போனால் வேலை போனது. என் வீட்டுக்காரி வேறு எதையும் நம்பமாட்டாள். எனக்கும் இப்போது அந்த முள் இல்லாமல் காதைப் பணயம் வைக்க மனசில்லை.

மத்தியானச் சோற்றைத் தூக்கிக்கொண்டு அவளே வந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். அன்று மறந்துவிட்டாள்.

"யோவ், செவப்பு முள்ளு எடத்த விட்டே நகரல. தண்ணில எறங்கினியா, இல்ல முள்ள எதுனா பண்ணி வெச்சியா?"

"அம்மா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. எறங்கினேன், ஓடல."

மீட்டரைப் பிடுங்கித் திருப்பினாள். பித்தளைப் பக்கத்தில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் மேடு. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"சந்தனம்" என்றாள்.

"சந்தனமா? எவன் வெச்சான்?" என்றான் மச்சான்.

"எவனோ வெச்சான். நீ வாய மூடு."

ஒருவர் ஊக்கைக் கழற்றி நீட்டினார். இன்னொருவர் பஞ்சர் கடையில் காற்றடித்தால் போய்விடும் என்றார். "ஊக்கு கீக்குன்னு யாராவது கிட்ட வந்தீங்கன்னா கெணத்துல தள்ளிடுவேன்" என்று சொல்லிவிட்டு விவசாயி வீட்டுக்குள் போனாள். கை பொறுக்கும் சூட்டில் ஒரு அண்டா தண்ணீர். மீட்டர் அதற்குள். ஆறினால் மாற்றுவாள். சாப்பாடு ஆயிற்று, டீ ஆயிற்று, மழை ஒரு தூறல் போட்டு நின்றது, கூட்டம் மட்டும் கலையவில்லை. அண்டாவை விட்டு அவளும் நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தனம் கரைந்து தண்ணீர் கலங்கியது. பிறகு ஓட்டையிலிருந்து கடுகு அளவு ஒரு கட்டி தானாக வழுக்கிக்கொண்டு வந்தது.

கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு, மீட்டரைக் கட்டி, அவளே கிணற்றுக்குள் விட்டாள். இழுத்துப் பார்த்தாள். காசை எடுத்துச் சிவப்பைத் திருப்பிவிட்டு இன்னும் ஆழமாக இறக்கினாள். மறுபடி இழுத்தாள்.

"முடிச்சுக்கு முடிச்சு சரியா காட்டுது. எறங்குங்க" என்றாள். 'ங்க' திரும்ப வந்துவிட்டது.

இறங்கினேன். இந்த முறை முள் என்னோடு கூடவே வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டைத் தாண்டியதும் காலில் கல் திட்டு. மோட்டார் அங்கேயே குந்திக்கொண்டிருந்தது. ஒரு மூச்சில் கயிற்றைச் சுற்றினேன், அடுத்த மூச்சில் முடிச்சை இறுக்கினேன். மேலே வந்து கையை ஆட்டினேன். மச்சான்தான் முன்னால் நின்று இழுத்தான். கப்பி கிறீச்சிட, சேறு வழிய, மோட்டார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தபோது விசில் பறந்தது. அந்த விவசாயி என் ஈரத் தோளில் துண்டைப் போர்த்தினார்.

யாரும் மோட்டாரைப் பார்க்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். எல்லோரும் என் வீட்டுக்காரியைச் சுற்றி நின்றார்கள். அவள் என் கையைப் பிடித்து மீட்டரைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சந்தைக்கடையில் கூவுகிற மாதிரி கத்தினாள்.

"எட்டர! ஒம்போத தாண்டல!"

கை தட்டினார்கள். மீட்டருக்கா, எனக்கா, அவளுக்கா தெரியவில்லை. நானும் தட்டினேன். அவள் தம்பி பக்கம் திரும்பி, "டேய், பெஞ்சுக்கு வேற ஆளப் பாரு" என்றாள்.

கூட்டத்தில் ஒருவர் என்னிடம் வந்து, தன் கிணற்றிலும் மோட்டார் கிடக்கிறது, நாளைக்கு வர முடியுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"திட்டு எத்தன அடில இருக்குது?"

"நாப்பது இருக்கும்மா."

"அது ஆவாது. ஜாஸ்தி. தண்ணி எறங்கட்டும், அப்புறம் வா."

பின்னால் நின்றவர் அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்களுது இருவத்தஞ்சுதாம்மா."

"காலைல சாப்ட்டு வருவாரு. அலசறதுக்கு ஒரு கொடம் நல்ல தண்ணி எடுத்து வெய்யி" என்றாள்.